பெரட்டில் புது ஆள் எத்தனை?



"டாக்டரு என்னம்மா சொன்னாரு?"

"ரத்தம் கம்மியாம்."

நம் வீடுகளில் எத்தனை தடவை கேட்ட பேச்சு இது! உடனே டானிக் போத்தல் வாங்கி விடுகிறோம். ஏன் கம்மி என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் ஒரு சிறு சோதனையின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். தினமும் பழைய ஆட்கள் சிலர் விலகுகிறார்கள். அதே அளவு புது ஆட்கள் வந்தால்தான் வேலை ஓடும். நம் உடம்பும் அப்படித்தான். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ஓயாமல் புது அணுக்களை அனுப்புகிறது. புதிதாய் வந்த இளம் அணுவை நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால் உள்ளே வலைபோல் இழை தெரியும். ஓரிரு நாளில் அது மறைந்துவிடும். இந்த இளம் அணுவின் பெயர் ரெட்டிகுலோசைட். நல்ல உடம்பில் நூறு சிவப்பணுவுக்கு ஒன்றிரண்டு இருக்கும். இவற்றை எண்ணுவதே அந்தச் சோதனை.

1926-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மைனாட், மர்ஃபி என்னும் மருத்துவர்கள் கொடிய சோகை நோயாளிகளுக்கு ஈரலை உணவாகக் கொடுத்தார்கள். சில நாட்களில் இளம் அணுக்கள் மளமளவென்று பெருகின. மஜ்ஜை விழித்துக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி.

1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் பாடுபட்ட ஏழைப் பெண்கள், பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கடும் சோகை கண்டு மடிந்து கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அந்த அம்மையார் ஆராய்ந்தார். சாப்பாட்டில் சத்துக் குறைவு என்று கண்டார். குன்னூர் ஆய்வுக்கூடத்திலும், 1931-இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். வேறொன்றுமில்லை, நம் கடைகளில் விற்கும் அதே மார்மைட்தான்! தாய்மார்களின் ரத்தத்தில் இளம் அணுக்கள் எழும்பின, பசி எடுத்தது, உயிர் பிழைத்தார்கள்.

அச்சாற்றில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு, 1945-இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. இன்று கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சின்ன மாத்திரை அதுவே.

இந்த எண்ணிக்கை நமக்குச் சொல்வதென்ன? ரத்தம் குறைந்து, இளம் அணுவும் குறைவாக இருந்தால், மஜ்ஜைக்குச் சரக்குப் போதவில்லை எனலாம். இரும்புச் சத்தோ ஃபோலிக் அமிலமோ குறைந்திருக்கலாம். மஜ்ஜைக்கே நோயும் இருக்கலாம். ரத்தம் குறைந்து, இளம் அணு மட்டும் கூடியிருந்தால், மஜ்ஜை உழைக்கிறது. ஆனால் ரத்தம் எங்கோ கசிகிறது, அல்லது அணுக்கள் காலத்துக்கு முன்பே உடைகின்றன. முன்னதற்கு ஏற்ற மருந்து பின்னதற்குப் போதாது. மற்றச் சோதனைகளோடு சேர்த்துப் பார்த்து, மருத்துவர்தாம் முடிவு சொல்வார்.

ஆகவே, தாய்மார்களே! "ரத்தம் கம்மி" என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "ஏன் டாக்டர் கம்மி?" என்று தைரியமாகக் கேளுங்கள். பஞ்சாலைத் தாய்மார்களுக்காக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. மாணவ மணிகளே, உங்களில் ஒருவர் நாளை மைக்ராஸ்கோப் முன் அமர்ந்து அப்படிக் கேட்க வேண்டும் என்பதே எங்கள் அவா.

வாழ்க நலமுடன்!