திருத்தணி விபக்திக் கிருதிகள்

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) திருத்தணி முருகன்மீது சமஸ்கிருதத்தில் இயற்றிய எட்டுக் கீர்த்தனைகள். அவர் பிறந்த ஆண்டை 1776 என்பாரும் உண்டு.

தோற்றம்: சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை திருத்தணி என்பது புராணம். திருவாரூரில் பிறந்த தீட்சிதர் மணலியில் வளர்ந்து, குரு சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்றார். திரும்பியபின் தணிகையில் (திருத்தணியில்) தவமிருந்தபோது முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், உடனே 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' பிறந்தது என்றும் மரபு கூறும். அவருடைய முதல் கிருதியாக இதுவே கொள்ளப்படுகிறது. எட்டும் ஒரே சமயத்தில் பாடப்பட்டன என்பதும் மரபுச் செய்தியே. கிருதிகளில் ஆண்டுக் குறிப்பு இல்லை.

அமைப்பு: ஒவ்வொரு கிருதியிலும் முருகனைக் குறிக்கும் 'குருகுஹ' என்னும் பெயர் ஒவ்வொரு வேற்றுமை (விபக்தி) ஏற்கிறது. குருகுகன் வெல்கிறான் என்று தொடங்கி, குருகுகனை, குருகுகனால், குருகுகனுக்கு என நடந்து, எட்டாவதில் 'குருகுகனே' என்னும் விளியில் முடிகிறது. ராகங்கள் முறையே மாயாமாளவகௌளை, ஆனந்தபைரவி, பாடி, சாமா, பலஹம்ஸா, பூர்வி, பானுமதி, தேவக்கிரியா. முதல் கிருதியின் ராகம், இசை பயிலும் குழந்தை சரளி வரிசை தொடங்கும் அதே ராகம். மாயா, மாளவம், கௌளம் முதலிய தேசத்து அரசர்கள் பணியும் திருவடி என்று சொல்லி, ராகத்தின் பெயரைப் பொருளோடு சாகித்தியத்தில் இழைத்திருக்கிறார். இந்த நயம் தனியே கேட்டு மகிழத்தக்கது. பிற்காலத்தில் கமலாம்பாள், மாயூரம் அபயாம்பாள் முதலிய தெய்வங்கள்மீதும் இவ்வேற்றுமை முறையில் பாடினார்.

பாதுகாப்பு: தணிகைக் கிருதிகள் பெரிதும் வாய்மொழியாக வந்தும் எட்டும் நிலைத்தன. தீட்சிதரின் தம்பி பாலுசாமியின் மகள்வழிப் பேரனும் தத்துப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் அச்சேற்றிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இதற்குத் துணைநின்றது. தெலுங்கில் வந்த அந்நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி பின்னர்த் தமிழில் வெளியிட்டது.

இன்று: திருத்தணி 1960இல் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மேடைகளில் முதல் கிருதியே மிகுதியாகப் பாடப்படுகிறது. பாடி, பானுமதி ராகக் கிருதிகள் அரிதாகவே ஒலிக்கின்றன.

தணிகையில் ஏற்ற 'குருகுஹ' என்னும் பெயரே தீட்சிதருக்கு வாழ்நாள் முத்திரையாயிற்று.