சாத்தனூர் அணையின் மதகுகள்

முன்பு செங்கம் வட்டத்தைச் சேர்ந்திருந்த சாத்தனூரில், தென்பெண்ணையின் குறுக்கே 1954இல் தொடங்கிய அணை வேலை 1958இல் முடிந்தது. அப்போது முதலமைச்சர் காமராசர். அணை பாசனத்துக்கானது, இடது, வலது கால்வாய்களுக்கும் திருக்கோவிலூர் அணைக்கட்டின் பழைய ஆயக்கட்டுக்கும் அதுவே நீர் தந்தது. ஆற்றின் மீன்வளம் என்ன ஆகும், வெள்ளம் குறைந்தால் கரையோரக் கிணறுகளில் எந்த மாதம் வரை நீர் நிற்கும் என்று கேட்கும் சட்டம் அன்று நாட்டில் இல்லை.

அந்தக் கேள்வியை இந்தியா முதலில் ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களிடம்தான் கேட்டது, அதுவும் 1970களின் பிற்பகுதியில். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது 1994 அறிவிக்கையால். 2006 அறிவிக்கை, ஏற்கெனவே நடக்கும் திட்டத்தை விரிவாக்கினாலோ நவீனப்படுத்தினாலோ மறுபடி ஆராய வழி வகுத்தது. அணை மதகின் பழைய ஷட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுவதோ பராமரிப்பு வேலையாகவே கருதப்படுகிறது. ஆனால் ஆற்றுக்கு அது சின்ன வேலை அல்ல.

சாத்தனூரில் 9 கண் மதகு, 11 கண் மதகு என 20 ஷட்டர்கள். முழுக் கொள்ளளவான 7,321 மில்லியன் கன அடி சேர நீர்மட்டம் 119 அடியைத் தொட வேண்டும். தேக்கம் கிண்ணம்போல மேலே போகப்போக அகலும். ஆகவே மேல் 20 அடியில் நிற்கும் நீர், அடியில் உள்ள 20 அடியின் நீரைப்போலப் பல மடங்கு. அந்த ஷட்டர்களைப் புதுப்பித்தபோது 100 அடிக்குக் கீழேயே நீரை நிறுத்த வேண்டியிருந்தது. மழை பெய்தும் அந்த நீர் தங்காமல் கடலுக்குப் போனது.

இதற்கு முன்பும் அணையில் மாற்றம் நடந்தது. 1999இல் 7.5 மெகாவாட் மின்நிலையம் சேர்ந்தது. கால்வாய்க்குப் போகும் நீர் மின்சாரமும் தந்தது. ஆற்றில் மேலே உள்ள கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பர் 29 அன்று ஒரு ஷட்டர் உடைந்தது. அங்கிருந்து பாய்ந்த நீர் வந்து சேர்ந்த இடமும் சாத்தனூரே. ஓர் அணையின் இரும்புக் கதவு பழுதானால் அடுத்த அணையின் கணக்கு மாறிவிடுகிறது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. கொட்டியது. அந்த நீர் பாம்பாறு வழியே தென்பெண்ணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேற்றப்பட்டது. திறந்து மூன்று மாதமே ஆன அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. திருவண்ணாமலையிலிருந்து கடலூர் வரை கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. வடிந்தபின் நெல்வயல்களில் மணல் மேடிட்டுக் கிடந்தது. கலப்பை இறங்குவதற்கு முன் அதை வாரி வெளியேற்ற வேண்டியிருந்தது.