தோன்றாத படங்கள்: உலகளாவிய வலையின் வரலாற்றில் ஒரு நோக்கு

வலைப்பக்கமொன்றிலே எழுத்துகள் யாவும் ஒழுங்காகத் தோன்ற, படம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் உடைந்த சிறு சின்னமொன்று நிற்பதைக் கணனியைப் பயன்படுத்துவோர் பலர் கண்டிருப்பர். நிரல் எழுதியவரின் கவனக்குறைவே இதற்குக் காரணமெனக் கொள்வது வழக்கம். அது ஓரளவு உண்மையேயாயினும், இக்குறைபாட்டின் வேர் 1993 ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட தீர்மானமொன்றிலே காணப்படுகின்றது.

1989 இல் ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ முன்வைத்த யோசனையிலிருந்து தோன்றிய வலை, தொடக்கத்தில் எழுத்தையே முதன்மையாகக் கொண்டிருந்தது. அவரது முதல் உலாவி படங்களைத் தனியானதொரு சாளரத்திலேயே காட்டியது. 1993 பெப்ரவரி 25 ஆந் திகதி, இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் மொசேய்க் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் அன்ட்றீசன், பக்கத்தினுள்ளேயே படத்தைக் காட்டுவதற்கு 'ஐஎம்ஜி' என்னும் குறியீட்டைப் பிரேரித்தார். ஏற்கெனவே இருந்த இணைப்புக் குறியீட்டையே இதற்கும் பயன்படுத்தலாமெனப் பேர்ணர்ஸ்-லீ கருதினார். எவ்வகைக் கோப்பையும் உள்ளடக்கவல்ல பொதுவான குறியீடு வேண்டுமென வேறு சிலர் கூறினர். ஆயினும், அவ்வாண்டிலேயே மொசேய்க் இக்குறியீட்டுடன் வெளிவந்து பரவியதும், வாதம் பயனற்றதாயிற்று.

இக்குறியீடு படத்தைத் தன்னுள் கொண்டிருப்பதில்லை; அது இருக்குமிடத்தின் முகவரியையே கொண்டுள்ளது. உலாவி பக்கத்தைப் பெற்றபின், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே கேட்டுப் பெறவேண்டும். எனவே, பக்கம் வந்துசேரப் படம் வழியில் தவறிப்போதல் இவ்வமைப்பின் இயல்பிலேயே உள்ளதாகும்.

முதலில் தவறுவது பெரும்பாலும் முகவரியே. வின்டோஸ் கணனியில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பொதுவாக வேறுபடுத்தப்படுவதில்லை; யுனிக்ஸ் மரபுவழி வந்த வழங்கிகளில் அவை வேறுபடும். வீட்டிலே சரியாகத் தோன்றிய படம் வழங்கியில் ஏற்றியதும் மறைந்துபோவதற்கு இது பழம்பெருங் காரணமாகும். பக்கம் இருக்கும் இடத்தைச் சார்ந்து எழுதப்பட்ட முகவரியும், பக்கம் வேறொரு நிலைக்கு நகர்ந்ததும் பொய்த்துவிடும்.

வழங்கியின் விடையை நோக்குதல் இங்கு அவசியம். 404 எனில் கோப்பு அங்கு காணப்படவில்லை. 403 எனில் அனுமதி மறுக்கப்பட்டது. இவற்றிலும் மயக்கந் தருவது 200 என்னும் வெற்றிக்குறியே. கடவுச்சொல் கோரும் செயலி, படத்துக்கான வேண்டுகோளை உள்நுழையும் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, அப்பக்கத்தையே வெற்றிகரமாக அனுப்பிவிடும். படத்தை எதிர்பார்த்த உலாவிக்குக் கிடைப்பதோ எழுத்துப் பக்கம். படத்தின் முகவரியை மட்டும் தனிச் சாளரத்தில் திறந்தால் மர்மம் பெரும்பாலும் விலகும். 2006 இல் ஜோ ஹியூவிற் வெளியிட்ட 'ஃபயர்பக்' போன்ற கருவிகள் வந்தபின், உலாவிக்குள்ளிருந்தே இவ்வேண்டுகோள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது எளிதாயிற்று. அதற்கு முன்னர் பலருக்கு வழங்கியின் பதிவேடே துணை. பிறருடைய வழங்கியாயின் அதுவுமில்லை.

முகவரி பிறர் கையிலிருக்கும்போது திருத்தமும் பிறர் கையிலேயே தங்கியுள்ளது. 2017 இல் படச் சேமிப்பு நிறுவனமாகிய போட்டோபக்கற், வேறு தளங்களில் படங்களைக் காட்டும் வசதிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 டொலர் கட்டணம் விதித்தது. பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த கலந்துரையாடல்களிலும் செய்முறை விளக்கங்களிலும் எண்ணற்ற படங்கள் ஒருங்கே மறைந்தன. நிரலில் எப்பிழையும் இருக்கவில்லை. 2018 இல் அக்கட்டுப்பாடு கைவிடப்பட்டதெனினும், பலர் அதற்குள் வேறிடம் பெயர்ந்திருந்தனர்.

படம் வராதபோது அதன் பொருளையாவது உணர்த்தும் மாற்றுச் சொற்கள், 1997 இன் எச்ரீஎம்எல் 4.0 விதியிலே கட்டாயமாக்கப்பட்டன. எனினும், அவற்றை எழுதாது விட்ட பக்கங்கள் மிகப் பல. அங்கெல்லாம் வெற்றிடத்தைக் காண்பவர் தாம் இழந்தது வரைபடமா, முகமா, அலங்காரக் கோடா என்பதையும் அறியமாட்டார்.