இலங்கைத் தீவின் வரலாறு காட்டும் பாடம்



சென்னை எழும்பூரில் ஏறி, ஒரே பயணச்சீட்டில் கொழும்பு சென்று சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், தனுஷ்கோடி வரை புகைவண்டி. அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல். அதன்பின் மீண்டும் புகைவண்டி. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கிற்று. இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், மூத்த ஊழியர் ஒருவர் வாயிலாக இக்கதையைக் கேட்ட நாள் முதல், அத்தீவின் வரலாற்றை இயன்ற அளவு படித்து வருகிறோம்.

"மாமா, நாம் இந்த ஊருக்கு எப்போது வந்தோம்? நாம் அயலாரா?" என்று நம் ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. 'முன்னே வந்தவர் யார், பின்னே வந்தவர் யார்' என்னும் வழக்கு இலங்கையில் எத்தனையோ உயிர்களைக் குடித்தது. ஆதலின் அத்தீவின் கதையைச் சிறிது நோக்குவோம்.

கடல் மட்டம் தாழ்ந்திருந்த பண்டைக் காலத்தில் இலங்கையும் தென்னாடும் ஒரே நிலப்பரப்பாகவே இருந்தன. பாகியன் குகை, பட்டதொம்ப குகை முதலிய இடங்களில் 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதர் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. நுண்கற்கருவிகள் கொண்டு வேட்டையாடிய அம்மக்களைப் 'பலாங்கொடை மனிதர்' என அறிஞர் அழைப்பர். அவர்கள் பேசிய மொழி யாதென யாரே அறிவர்? அவர்களைத் தமிழர் என்பதும் சிங்களவர் என்பதும் பொருந்தாது. முதல் ஏடுகள் கிழிந்துபோன பதிவேட்டில், முதற் பதிவு எங்களதே என்று வாதாடுவது அறிவுடைமை ஆகாதன்றோ?

இரும்புக் காலத்தில் பொம்பரிப்பில் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்தனர். நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவை ஒப்புநோக்கத் தக்கவை. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, குறியீடுகளும் பிராமி எழுத்துகளும் சேர்ந்த ஒரு முத்திரை கிடைத்தது. அநுராதபுரத்தில், தமிழ் இல்லறத்தார் கூடிய மேடை ஒன்றைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு உளது. சங்கப் புலவருள்ளும் ஈழத்துப் பூதன்தேவனார் என ஒருவர் விளங்கினார். பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய ஈழத்து உணவைப் பேசுகிறது.

சோழநாட்டினின்று சென்ற எல்லாளன் அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், நண்பர் பகைவர் என்று பாராது நீதி வழங்கினான் என்றும் மகாவம்சமே கூறுகிறது. அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு, வீழ்ந்த பகைவனுக்கு நினைவிடம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்தினான். பின்வந்த மன்னர்களும் அவ்விடத்தைக் கடக்கையில் வாத்திய இசையை நிறுத்தினர் என்பது அந்நூல் தரும் செய்தி. பகைவரைப் போற்றும் இப்பண்பு, போர்ச் செய்தியினும் பெரிதென்று நாம் கருதுகிறோம்.

993ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் படை அநுராதபுரத்தை வீழ்த்திற்று. பொலன்னறுவை சோழர் தலைநகராயிற்று. 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஆயினும் தமிழ் அங்கு அழிந்துவிடவில்லை. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் உறுதி கூறிய கல்வெட்டு, பொலன்னறுவையில் தமிழிலேயே நிற்கிறது. பிறர் கோயிலுக்குத் தமிழர் காவல் நின்றனர்! அதன் பின்னர் வடக்கே நல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆரியச் சக்கரவர்த்திகளின் யாழ்ப்பாண அரசு எழுந்தது.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ தென்னிலங்கையில் நிறுவிய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவன்துறைத் தெய்வமாகிய தெனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. ஒரே கல், மூன்று வணக்கங்கள்!

1505இல் போர்ச்சுக்கீசியர் வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. கடைசி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கோயிலும் திருக்கோணமலைக் கோயிலும் இடிக்கப்பட்டன. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்து, பன்னிரு தமிழ் முதலியார்களைக் கொண்டு சரிபார்த்து, 1707இல் 'தேசவழமை' என்னும் சட்டமாக்கினர். நாற்காலி கதிரையாயிற்று, அடுக்களை குசினியாயிற்று, நிலப் பதிவேடு தோம்பாயிற்று. நாம் நாள்தோறும் செல்லும் அலுவலகத்தை ஈழத்தார் 'கந்தோர்' என்பதும் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல்லே. இங்கே நாம் புழங்கும் சன்னல், சாவி, மேசை ஆகியவை மட்டும் எந்நாட்டுச் சொற்கள்? போர்ச்சுக்கீசியச் சொற்களே!

மலைநாட்டுக் கண்டியிலோ, 1739 முதல் மதுரை நாயக்கர் வழிவந்தோர் அரியணை ஏறினர். அவருள் ஒருவராகிய கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், 1753இல் சயாம் நாட்டிலிருந்து துறவியரை வரவழைத்து, தளர்ந்திருந்த பௌத்த சங்கத்தை மீண்டும் நிலைநாட்டினான்.

இத்துணை கலப்பும் கொடுக்கல் வாங்கலும் நிகழ்ந்த மண்ணிலேதான், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 தொடங்கி 2009 வரை நடந்த போரில் எண்ணற்றோர் மாண்டனர். வரலாற்றை உரிமைப் பத்திரமாக மட்டும் படித்தால் வரும் கேடு அது.

பிள்ளைகளுக்கு நாம் கூறும் விடை இதுவே: நம் பெங்களூர் தொம்மலூர்க் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன, பேகூரில் ஊர்ப்பெயர் பொறித்த பழங்கன்னடக் கல் நிற்கிறது. இரண்டையும் கண்டு வாருங்கள். எவர் முந்தியவர் என்று எண்ணற்க. வேளைக்காரரைப் போல், அடுத்தவர் கோயிலுக்கும் காவல் நிற்பவரே எம்மண்ணிலும் அயலார் ஆகார். வீட்டில் தமிழைப் பேணுவோம்; வீதியில் கன்னடத்தைக் கற்போம்.

வாழ்க தமிழ்! வளர்க ஒற்றுமை!