தேயிலைத் தண்டும் துளைவண்டும்: இனப்பெருக்க ஆய்வொன்றின் சமூக வரலாறு

கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளின் வரலாறு பெரும்பாலும் துரைமாரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியதும் யாவரும் அறிந்தவை. ஆயின், பெருந்தோட்ட உற்பத்திமுறை இயற்கையிலே தோற்றுவித்த மாற்றங்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. அவற்றுள் ஒன்றனை இக்கட்டுரை நோக்குகிறது.

தோட்டங்களில் ‘ஷொட் ஹோல் போரர்’ என வழங்கும் சிறு கறுப்பு வண்டு, இலங்கையிற் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1868இல் ஐக்கோவ் என்பவரால் விவரிக்கப்பட்டது. மலை முழுதும் ஒரே பயிர் நிரம்பிய பின்னர், 1890களில், அது தேயிலையின் பகையாயிற்று. ஒரே இனமெனக் கருதப்பட்டது உண்மையில் நெருங்கிய பல இனங்களின் தொகுதி என்பது 2018, 2019ஆம் ஆண்டுகளின் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

பெண் வண்டு தண்டைக் குடைந்து, தான் சுமந்துவரும் பூஞ்சணத்தை உள்ளே வளர்க்கிறது. குடம்பிகள் உண்பது மரத்தையன்று, அப்பூஞ்சணத்தையே. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் ஆகியோர் 1947இல் இப்பூஞ்சணத்தை விவரித்தனர். கருக்கட்டாத முட்டைகள் ஆணாகின்றன, கருக்கட்டியவை பெண்ணாகின்றன. பறக்கவியலாத ஆண்கள் மிகச் சிலவே. அவை பிறந்த குடைவிலேயே தம் சகோதரிகளுடன் கலக்கின்றன. பின்னர் பெண்களே வெளியே பறந்து புதிய தண்டுகளை நாடுகின்றன.

பெண்கள் இங்ஙனம் மிகுந்திருப்பதேன்? 1967இல் டபிள்யூ. டி. ஹமில்டன் வெளியிட்ட கட்டுரை இத்தகைய உயிரிகளுக்கு விளக்கமளித்தது. சகோதரர்கள் தம்முள்ளேயே துணைக்குப் போட்டியிடும் சூழலில், மிகையான ஆண்கள் தாய்க்கு வீண்செலவே. மகள்மார் அனைவரும் கருக்கட்டுவதற்குப் போதுமான ஆண்களே தேவை.

இவ்விளக்கத்தை மனித சமூகத்துக்குப் பெயர்த்துப் பொருத்துவோர் உளர். சமூகத்திலிருந்து போட்டிக் கோட்பாட்டை இயற்கைக்கு ஏற்றி, மீண்டும் அதனைச் சமூகத்தின் நிலைபேறான விதியாக இறக்கும் வித்தையை ஏங்கல்ஸ் 1875இலேயே கண்டித்தார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கொழுந்து பறித்தல் பெண்களின் தொழிலாக்கப்பட்டதும், 1984 வரை அவர்களின் நாட்சம்பளம் ஆண்களினதிலும் குறைவாயிருந்ததும் உயிரியல் விதியால் விளைந்தவையல்ல. உற்பத்தி உறவுகள் விதித்தமையாலேயே அவ்வேறுபாட்டை மாற்றவும் முடிந்தது.

இலாப நோக்குக்கு ஆட்பட்ட அறிவியலின் குறுகலுக்கும் இவ்வண்டு சான்றாகும். தேயிலையைத் தாக்கும் வேறொரு புழுவை அடக்க 1935–36இல் யாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் துளைவண்டை ஒழிக்கத் தெளித்த டீல்ட்ரின் அக்குளவியையும் அழித்தது. புழு மீண்டும் பெருகிற்று. ஒன்றன் வாழ்வு மற்றொன்றில் தங்கியிருப்பதை மறந்ததன் விலை அது.

கவ்வாத்து வெட்டுபவனின் கத்திக்கும் கொழுந்து பறிப்பவளின் விரலுக்கும் ஒடிந்த கிளை முதலிற் புலப்படும். அவர்களுடைய அவதானமும் அறிவியலின் வரலாற்றில் இடம்பெறும்போதே அவ்வரலாறு முழுமைபெறும்.