ஹார்ட் டிஸ்க்கில் வந்த விளையாட்டு: ஒரு சின்ன வரலாறும் ஒரு பழைய பாக்கியும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

போன வாரம் லீவுக்கு வந்திருந்த என் அண்ணன் பேரன், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு வில்லையை லேப்டாப்பில் சொருகினான். "டீச்சர் பாட்டி, இதுக்குள்ள முப்பது கேம் இருக்கு. லேப்டாப்புல ஏத்தவே வேணாம், இங்கருந்தே ஓடும்" என்றான். கையில் வாங்கிப் பார்க்கச் சொன்னான். நான் வாங்கவில்லை. "கீழ போட்டாக்கூட ஒன்னும் ஆகாது பாட்டி, உள்ள சுத்துறது எதுவும் கிடையாது" என்றான். அவனுக்குக் காரணம் தெரியாது. அவன் அப்பாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், பாதி மட்டும்.

காரணத்தைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். பாடம் நடத்திய வாய் சும்மா இருக்காது.

கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கும் பொருளிலிருந்து விளையாட்டை ஓட்டுவது இந்தக் காலத்துப் புதுமை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். 1956-ல் ஐபிஎம் கம்பெனி செய்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தன. அத்தனை பெரிய பெட்டிக்குள் சுமார் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. இன்று போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவுக்கே அது பத்தாது. அப்படிப்பட்ட சாமான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எங்கே வரும்? 1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலும் உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லை. பிளாப்பியைச் சொருகினால்தான் விளையாட்டு. எடுத்துவிட்டால் வெறும் பெட்டி.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் வந்தது பிபிசி மைக்ரோ என்ற இங்கிலாந்துக் கம்ப்யூட்டர். 32 கேபி நினைவகம். பாட்டுக் கேட்கிற டேப்ரெக்கார்டரை ஒயரில் மாட்டி, கேசட்டை ஓடவிட்டு அதில் புரோகிராம் ஏற்றலாம். அதே 1984-ல் அதே கம்ப்யூட்டருக்காக டேவிட் பிராபென், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். கேசட்டில் வாங்கியவர்களுக்கு அதில் கப்பல் வகைகள் குறைவு. பிளாப்பியில் வாங்கியவர்களுக்கு அதிகம். ஏனென்றால் பிளாப்பி அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆட்டத்தின் நடுவில் வேண்டிய கப்பல்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கேசட்டில் அப்படி முன்னும் பின்னும் தேட முடியாது. ஆட்டம் வெளியே, ஆடுகிற இடம் உள்ளே. நாற்பது வருடம் கழித்து என் அண்ணன் பேரன் செய்வதும் இதைத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப் என்று கணக்கு. அடுத்த ஆண்டு என் மகனுக்கும் பிளஸ் டூவில் கிடைத்தது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்போதுதான். 320 ஜிபி டிஸ்க், 2 ஜிபி நினைவகம், ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொரு பக்கம் சிடாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டரில் திரைப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய மனக்குறை.

லேப்டாப் வந்தது, இன்டர்நெட் வரவில்லை. இருந்த வீடுகளிலும் பாதி மாதத்தில் 256 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். ஒரு கணக்குப் போடுவோம். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 32 கேபி. 4 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்க சுமார் 35 மணி நேரம், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை நிரப்ப ஆறு மாதம். ஆனால் அதே ஹார்ட் டிஸ்க்கை மதுரையில் ஒரு பையன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பம் பஸ் ஏறினால் மூன்றரை, நாலு மணி நேரத்தில் வந்துவிடும். மதுரை-போடி ரயிலும் 2010 கடைசியோடு நின்றுபோயிருந்தது. ஆக, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாக வந்த பஸ்தான் எங்கள் இன்டர்நெட். கியூபா நாட்டில் வாராவாரம் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய சினிமாவும் நாடகமும் விளையாட்டும் நிரப்பி வீடு வீடாகக் கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தவன் என் அண்ணன் மகன். மதுரையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வந்தால் மச்சானும் மச்சானும் ஒரே கட்டிலில். வைஸ் சிட்டி, ஐஜிஐ, ரோடு ராஷ். ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. திருட்டுப் பிரதிகள்தான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "லேப்டாப்புல ஒரு கேம் இருக்கா, நீங்களே தேடிப் பாருங்கம்மா" என்று என் மகன் தைரியமாகச் சொல்வான். நானும் தேடுவேன். இருக்காது. எல்லாம் அந்த ஒயரின் மறுமுனையில் இருந்தது என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று!

அவர்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. பழைய விளையாட்டு என்றால் போல்டரோடு நகல் எடுத்தாலே ஓடும். புதியது அப்படி இல்லை. விண்டோஸுக்குள் அங்கங்கே சில கோப்புகளை வைத்துவிட்டு வந்திருக்கும். வேறு லேப்டாப்பில் சொருகினால் அது இல்லை, இது இல்லை என்று செய்தி வரும். டிரைவின் எழுத்து இ-யிலிருந்து எஃப் ஆக மாறினால் ஷார்ட்கட் வேலை செய்யாது. விளையாட்டு டிஸ்க்கில் இருந்தாலும், எந்தக் கட்டத்தில் விட்டோம் என்ற கணக்கு லேப்டாப்பின் டாக்குமெண்ட்ஸில் போய் உட்காரும். அதைத் தனியாக எடுத்துப்போக வேண்டும். வைரஸ் வந்தால் பாஸ் லினக்ஸ் பக்கம் போய் அங்கிருந்து அழிப்பார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. நான் அன்று இதையெல்லாம் படிப்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. "கட்டிலைத் தேய்க்கிறது" என்று பெயர் வைத்திருந்தேன்.

2012 மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் போகும். லோயர் கேம்ப்பில் பெரியாறு தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், பக்கத்தில் இருக்கும் நமக்கு விசிறி இல்லை. இருட்டில் பேட்டரி உள்ளவரை அந்த லேப்டாப் ஒன்றுதான் வெளிச்சம்.

அப்படி ஒரு மாலை. மறுநாள் மகனுக்குக் கணக்குப் பரீட்சை. நான் உள்ளே வந்தேன், திரையில் மோட்டார் பைக் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை அப்படியே கட்டிலிலிருந்து தூக்கினேன். ஒயர் நீளம் ஒரு முழம்கூட இல்லை. தொங்கிய ஹார்ட் டிஸ்க் கட்டில் காலில் மோதி சிமெண்ட் தரையில் விழுந்தது. திரும்பச் சொருகியபோது டிக், டிக் என்று ஒரு சத்தம். வேறு எதுவும் வரவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். படிக்கும் முனை அதைத் தொடாமல், ஒரு தலைமுடியின் கனத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சின்ன இடைவெளியில் மிதக்கும். ஓடும்போது விழுந்தால் முனை தட்டில் உரசும். உரசிய இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

விளையாட்டு போனதற்கு யாரும் அழவில்லை. அந்த டிஸ்க்கில்தான் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த படங்கள் அத்தனையும் இருந்தன. ஆல்பத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு படம்தான் உண்டு. கம்பு இல்லாமல் எழுந்து நின்று பேத்திக்குத் திருநீறு பூசியது, பந்தியில் பரிமாறப் போய் எல்லோரும் தடுத்தது, எல்லாம் அதில் இருந்தது. அப்பா அந்தத் தைக்கு இல்லை. மதுரையில் ஒரு கடையில் காட்டினார்கள். எடுக்க முடியாது என்றார்கள். புதிது வாங்கலாம் என்றால், 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கி, விலை ஏறக்குறைய இரட்டிப்பாகி, இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை.

அண்ணன் கேட்டபோது என் மகன், "கை தவறிக் கீழ விழுந்துருச்சு மாமா" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் "கேம் விளையாடியே தாத்தா படத்தை அழிச்சவன்" என்று அவனைக் கேலி பேசாதவர்கள் குறைவு. அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். ஒருநாளும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அண்ணா, மதினி, அன்று போட்டு உடைத்தது அவன் இல்லை. நான்.

அந்த டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை, பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. மகன் இந்தத் தீபாவளிக்கு வரும்போது சென்னையில் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் ஒரு வேண்டுகோள். அந்தக் கல்யாணம் 2012 வைகாசியில், உத்தமபாளையத்தில். வந்தவர்களில் பலர் அப்போதே கேமரா போன் வைத்திருந்தீர்கள். பழைய மெமரி கார்டு, பென் டிரைவ், சிடி எதிலாவது அப்பா நிற்கிற படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்