மருந்தும் கொல்லியும்

‘கொல்லி’ என்ற சொல் தமிழில் நெடுங்காலம் ஒரு மலையின் பெயராகவும் ஒரு பண்ணின் பெயராகவும் வாழ்ந்து வந்தது. வல்வில் ஓரியின் மலை அது. கண்டாரை மயக்கிக் கொல்லும் பாவை ஒன்று அங்கே உண்டென்று சங்கப் புலவர்கள் நம்பினார்கள், அல்லது நம்பியதாகப் பாடினார்கள். இருபதாம் நூற்றாண்டு அச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு வேலையைக் கொடுத்தது. பூச்சி, களை, பூஞ்சை என்ற சொற்களுக்குப் பின்னே அது ஒட்டிக்கொண்டது. ஆனால் கொல்லிமலையில் எவரும் ‘பூச்சிக்கொல்லி’ என்று சொல்லி நாம் கேட்டதில்லை. குண்டூர் நாட்டிலும், அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலும், நமது கல்லூரி இருக்கும் ஊரிலும் அதற்கு ஒரே பெயர்தான்: மருந்து. நஞ்சை மருந்து என்று அழைக்கும் மொழியில், நஞ்சைத் தடை செய்யும் ஓர் அரசாணையின் கதையைச் சொல்வது சற்றுச் சிக்கலானதே. ஆயினும் சொல்லிப் பார்க்கலாம்.

2021ஆம் ஆண்டின் இறுதியில், பழைய மாணவர் ஒருவரின் அழைப்பின்பேரில் குண்டூர் நாட்டுக்குச் சென்றிருந்தோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறி, மலைமேல் சென்றால் நாடுகள் தொடங்கும். வளவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் இன்றும் நாடுகளாகவே அறியப்படுகின்றன. ‘நாடு’ என்பதற்குக் கல்வெட்டுகளில் உள்ள பொருள் மாறாமல் வழங்கும் இடங்கள் தமிழகத்தில் இனி அதிகமில்லை என்று மாணவரிடம் சொல்லிக்கொண்டே நடந்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். வகுப்பறையிலும் அப்படித்தான் கேட்பார்.

அவருடைய பாட்டி காலத்தில் அந்தச் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. கிழங்கு கைக்கு ரொக்கம் தந்தது. சாமைக்கு யாரும் மருந்து அடித்ததில்லை என்று பாட்டி சொன்னார். மரவள்ளியோடு உரமும் வந்தது, உரத்தோடு மருந்தும் வந்தது. நாம் போயிருந்த சமயம் மரவள்ளிக் குருத்துகளெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்துச் சுருண்டு கிடந்தன. மாணவரின் தந்தை முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சரிவில் காற்றுக்கு எதிராக ஏறிக்கொண்டிருந்தார். திண்ணையில் காலி டப்பா ஒன்று கிடந்தது. அதன் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி மஞ்சள். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கடுத்தது, பிறகு நீலம், பச்சை என்பது நமது நாட்டின் வழக்கம். அந்த மஞ்சளின் பொருள் தெரியுமா என்று கேட்டோம். “கம்பெனி கலருங்கய்யா” என்றார்.

அன்றிரவு மாணவர் தமது கைபேசியில் ஓர் அரசிதழ்ப் பக்கத்தைக் காட்டினார். மத்திய வேளாண் அமைச்சகம் 2020 மே மாதம் வெளியிட்ட வரைவு ஆணை அது. இருபத்தேழு பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் பூஞ்சைக்கொல்லிகளையும் நாடு முழுவதும் தடை செய்யப்போவதாக அறிவித்தது. அசிபேட், கார்போபியூரான், குளோர்பைரிபாஸ், மாலத்தியான், மான்கோசெப், மோனோகுரோட்டோபாஸ் எனக் கடைக்காரர்கள் தினமும் உச்சரிக்கும் பெயர்கள் அவற்றில் இருந்தன. உரைநடை என்ற வகையில் அந்த வரைவு வாசிக்கத் தகுந்தது. நாம் கேலியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, உற்பத்தியாளர் தராமல் விட்ட ஆய்வுத் தரவுகள் எவை, தேனீக்கும் மீனுக்கும் மனிதருக்கும் அது என்ன செய்யும், வேறெந்த நாடுகள் தடை செய்துள்ளன, மாற்றாக எவை உள்ளன என்று வரிசையாகக் கூறுகிறது. ஓர் அரசு தன் பழைய அனுமதிகளுக்கு எதிராகத் தானே எழுதிக்கொண்ட குற்றப்பத்திரிகை என்று அதைச் சொல்லலாம். முடிவில் வழக்கமான வாசகம்: ஆட்சேபணை உள்ள எவரும் 45 நாட்களுக்குள் தெரிவிக்கலாம். ‘எவரும்’ என்ற சொல்லில் மாணவரின் தந்தையும் அடங்குவார். ஆனால் வரைவு இருந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும். வெளிவந்தபோது நாடு ஊரடங்கில் இருந்தது.

இந்த ஆணைக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு. 1958இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவு உண்டவர்கள் திடீர் திடீரென்று இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. உணவுப் பொருட்களோடு ஒரே கப்பலில் ஏற்றி வந்த பாரத்தியான் என்ற நஞ்சு கசிந்து அவற்றில் கலந்திருந்தது. ஃபாலிடால் என்பது அதன் வணிகப் பெயர். பழைய வார இதழ்த் தொடர்கதைகளைப் படித்தவர்களுக்கு அப்பெயர் மறந்திருக்காது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் விளைவாகப் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் நிறைவேறியது. விதிகள் 1971இல் வந்தன. பிணங்களிலிருந்து விதிகளுக்கு வந்து சேர அன்றைய அரசுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. பின்வந்த அரசுகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

அச்சட்டத்தின் கீழ் பதிவான பொருள்களுள், பிற நாடுகள் கைவிட்ட பலவும் இங்கே நீடித்தன. 2013இல் அனுபம் வர்மா தலைமையில் ஒரு குழு, வேறு நாடுகளில் தடை செய்யப்பட்டும் இந்தியாவில் புழங்கும் 66 பொருள்களை ஆராய அமர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. காய்கறிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாதென்று 2005லேயே சொல்லியாயிற்று. ஆனால் கடைக்காரரின் அலமாரிக்குக் காய்கறி, பருத்தி என்ற பேதம் தெரியாது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர், மூச்சில் ஏறிய நஞ்சால் இறந்தனர். மறு ஆண்டு 18 பொருள்கள் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மோனோகுரோட்டோபாஸ் அவற்றில் இல்லை. அது 2020இன் இருபத்தேழில்தான் இடம்பெற்றது.

அந்த இருபத்தேழு என்னவாயிற்று என்பதே நாம் சொல்ல வந்தது. அதே மே மாதம் ராஜஸ்தானில் வெட்டுக்கிளிக் கூட்டங்கள் இறங்கின. அரசே மாலத்தியான் தெளித்தது. ஒரு கையால் தடைவரைவு, மறு கையால் தெளிப்பான். உற்பத்தியாளர்களின் முறையீடுகள் குவிந்தன. 45 நாட்கள் 90 ஆயின. மலிவான மருந்துகளை எடுத்துவிட்டால் சிறு விவசாயி எதை வாங்குவான் என்று கேட்டார்கள். கேள்வி பொய்யானதல்ல, ஆனால் சிறு விவசாயியின் வாயால் கேட்கப்பட்டதும் அல்ல. 2021இல் டி.பி. ராஜேந்திரன் தலைமையில் மறுபடி ஒரு குழு. 2023இல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடை பெற்றவை டைகோபால், டினோகேப், மெத்தோமில் ஆகிய மூன்று. மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலுக்கும் விடை கொடுக்கப்பட்டது. வேறு சிலவற்றுக்கு, குறிப்பிட்ட பயிர்களில் பயன்படுத்தும் அனுமதி மட்டும் நீக்கப்பட்டது. மற்றவை கடைகளிலேயே இருந்தன. இருபத்தேழு என்று தொடங்கியது எப்படி மூன்றாயிற்று என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டது.

‘திரும்பப் பெறுகிறோம்’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிளாஸ்டிக்கில் கலக்கும் பிஸ்பீனால் ஏ, தாலேட் போன்றவற்றைக் ‘கவலைக்குரிய வேதிப்பொருள்கள்’ என்று பட்டியலிடும் விதியை 2010இல் வெள்ளை மாளிகையின் பரிசீலனைக்கு அனுப்பியது. 90 நாட்களில் முடியவேண்டிய பரிசீலனை மூன்றாண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2013 செப்டம்பரில் முகமை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டை 2030க்குள் பாதியாக்கும் சட்ட முன்மொழிவு 2022இல் வந்தது; 2023 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நிராகரித்தது; 2024 பிப்ரவரியில், டிராக்டர்கள் சாலைகளை அடைத்து நின்ற நாட்களில், ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் அவையில் எழுந்து அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்லதோ கெட்டதோ, ஒரு நாள், ஓர் இடம், ஒருவர் வாயால். வரலாறு எழுதுகிறவனுக்கு அது வசதி. இங்கே வரைவு உயிரோடுதான் இருந்தது, இளைத்துக்கொண்டே போனது. இருபத்துநான்கு பொருள்கள் எந்த நாளில் வெளியேறின என்று யாரும் குறித்து வைக்க முடியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தடை செய்வதே தீர்வு என்று வாதிடுகிறோம் என யாரும் கொள்ள வேண்டாம். இலங்கை 2021இல் இரசாயன உரங்களின், வேளாண் வேதிப்பொருள்களின் இறக்குமதியை ஒரே வீச்சில் தடுத்து, சில மாதங்களில், நவம்பரில், அத்தடையைக் கைவிட்டது. இடையில் நெல்லும் மலையகத் தேயிலையும் பட்ட பாடு தெரிந்ததே. ஆனால் அதே இலங்கைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. கொடிய நச்சுத்தன்மை வகையில் மிஞ்சியிருந்த மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றை 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் விலக்கினார்கள். உலகிலேயே மிக உயர்ந்ததாக எண்ணப்பட்ட அந்நாட்டின் தற்கொலை விகிதம் அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறைந்ததாக ஆய்வாளர்கள் காணவில்லை. ஒரு கண வேதனையில் கைக்கு எட்டும் பொருளின் நச்சுத்தன்மை குறைந்திருந்ததால் பிழைத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தாம் பிழைத்தது ஓர் அரசாணையால் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

தமிழ்நாடும் அவ்வழியே சிறிது தூரம் நடந்து பார்த்தது. 2022 முடிந்து 2023 பிறக்கும் காலத்தில் மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் முதலிய ஆறு மருந்துகளை 60 நாட்களுக்கு மாநில அரசு தடை செய்தது. அதற்கு மேல் மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. 1968இன் சட்டம் அளந்து கொடுத்தது அவ்வளவே, வேண்டுமானால் இன்னொரு முப்பது நாள்.

குண்டூர் நாட்டு மாவுப்பூச்சிக்குத் திரும்புவோம். ‘மாற்று எங்கே?’ என்ற கேள்விக்கு அந்த மலைச்சரிவிலேயே ஒரு விடை வந்தது. அப்பூச்சி தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. 2020இல் கேரளத்தில் தென்பட்டு, நமது மரவள்ளி மாவட்டங்களுக்குப் பரவியது. ஆப்பிரிக்காவில் 1970களிலேயே புகுந்து, 1980களில் ஒரு சிறு குளவியால் அடக்கப்பட்டது. அனாகைரஸ் லோபெசி என்பது அதன் பெயர். இரண்டு மில்லிமீட்டர் கூட இராது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அப்பணியை முன்னெடுத்த ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் பெனினிலிருந்து அக்குளவியை வரவழைத்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடத் தொடங்கியது. குளவி வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை உண்டு: மருந்து அடிக்கக் கூடாது.

2024 பொங்கல் விடுமுறையில் மறுபடி மலையேறினோம். குருத்துகள் பெரும்பாலும் பச்சையாக இருந்தன. குளவியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, பூச்சி தானாகப் போய்விட்டது என்றார் மாணவரின் தந்தை. மாணவர் 2023இன் ஆணையைத் தமிழில் தாமே மொழிபெயர்த்து, நோட்டுத்தாளில் எழுதி வைத்திருந்தார். சரிபார்க்கவே நம்மை அழைத்திருந்தார். மூன்று பெயர்களையும் படித்தார். தந்தை தலையசைத்தார், மூன்றையும் அவர் வாங்கியதில்லை. பிறகு பயிர்வாரி விலக்குகளுக்கு வந்தார். மான்கோசெப்: கொய்யா, சோளம், மரவள்ளி ஆகியவற்றுக்கு இனிப் பயன்படுத்தலாகாது. இருபத்தேழின் வரைவில் மான்கோசெப் முழுமையாகவே போயிருக்க வேண்டும். இறுதி ஆணையில் எஞ்சியது இந்த ஒரு வரி. குண்டூர் நாட்டின் பெயரைச் சொல்லாமலே குண்டூர் நாட்டுக்கு எழுதப்பட்ட வரி.

“அப்ப இந்த மருந்தத் தடை பண்ணிட்டாங்களா, இல்லீங்களா?” என்று அவர் நம்மைக் கேட்டார்.

மரவள்ளிக்கு அடிக்கக் கூடாது, தக்காளிக்கு அடிக்கலாம் என்றோம். அவருடைய தக்காளி, மரவள்ளி வரிசைகளுக்கு நடுவில்தான் நின்றது. மாணவர் தாளில் ‘பயன்படுத்தலாகாது’ என்று எழுதியிருந்ததை அடித்து ‘அடிக்கக் கூடாது’ என்று மாற்றினார். ‘பூஞ்சைக்கொல்லி’ என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, இதை எப்படி எழுதட்டும் ஐயா என்று கேட்டார். மருந்து என்று எழுதினால்தான் ஊரில் புரியும் என்றார் தந்தை.